சுற்றிலும் முத்து

அக்காள் விக்டோரியா பிரசவத்தில் செத்து ஆண்டு திரும்பியதும், அவள் புருஷன் பாஸ்கலுக்கே இசபெல்லாவைப் பேசி முடித்துவிட்டார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது. "கல்யாண மோதிரத்தை மட்டும் நீயே பாத்து எடு" என்றாள் தாய். அதிலாவது தன் இஷ்டம் நடக்கட்டும் என்றுதான் பாஸ்கலோடு பிச்சையா ஆசாரியின் பட்டறைக்கு வந்தாள்.

ஆசாரி பரப்பிய மாதிரிகளில், வட்டம் முழுக்கச் சிறுமுத்து பதித்த மோதிரத்தை எடுத்தாள். அக்காள் கையில் கிடந்ததும் அப்படிப்பட்டதுதான்.

"அது வேண்டாம், ஏளா," என்றான் பாஸ்கல். "சுத்தி முத்து இருந்தா வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. விக்டோரியா மோதிரம் ஒன் விரல்ல ஏறாமப் போச்சுல்லா? வெறுந்தங்கம்னா நாளைக்கு யாருக்குன்னாலும் அளவு கூட்டிக் கொறச்சிக்கிடலாம்."

ஆசாரி குனிந்து, இல்லாத எதையோ உமிச்சட்டியில் தேடினார்.

இசபெல்லா பாஸ்கல் பக்கம் திரும்பவேயில்லை. மோதிர விரலை ஆசாரியிடம் நீட்டினாள்.

"இதே மாதிரிதான் வேணும், அண்ணாச்சி. நல்லா இறுக்கமாச் செய்யுங்க. நான் செத்த பொறவும் கழட்ட வரக் கூடாது."