பன்னிரண்டாம் பக்கம்

ராத்திரி ஷிப்டில் விடியும்போதே எங்கள் மூக்கிலும் தொண்டையிலும் அட்டைத் தூசி ஏறியிருக்கும். பெட்டிக்கு அட்டை வெட்டும் மூன்றாவது மெஷினில் என் அண்ணி, நான்காவதில் நான். கத்தியை ஏற்றி இறக்குவது கம்ப்யூட்டர். போன வாரம் அதில் புது மென்பொருளை ஏற்றினார்கள். மெஷினில் கயிறு கட்டித் தொங்கும் கையேட்டை மட்டும் மாற்றவில்லை.

முன்பு மஞ்சள் பொத்தானை அழுத்தினால் கத்தி நின்றுவிடும். இப்போது ஐந்து விநாடி நின்று, தானாகவே இறங்குகிறது. புத்தகத்தைத் திறந்தே பார்க்காத நாங்கள் பயந்து பயந்து ஓட்டி அதைத் தெரிந்துகொண்டோம். காய்ச்சலில் கிடந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பிய அண்ணி, எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவள். அட்டை சிக்கியதும் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, அதன்படி மஞ்சளை அழுத்தினாள். கையை உள்ளே விட்டாள். இரண்டு விரல் போயிற்று. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பாவி, சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் முதலாளி ஒரு தாளோடு வந்தார். கையேட்டை மீறியதால் விபத்து என்று அதில் இருந்தது. சாட்சியாக நாங்கள் கையெழுத்துப் போட்டால் அண்ணிக்கு வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை.

"அண்ணி மீறல சார். பன்னெண்டாம் பக்கத்துல இருக்கறபடிதான் செஞ்சாங்க," என்றேன்.

"கதை விடாதே. புக்ல தப்பாவா போடுவாங்க?"

எங்களில் வாயில்லாப் பூச்சி என்று பேரெடுத்த பசைக்காரர் அந்தப் பக்கத்தை விரித்து முதலாளி முன் நீட்டினார்.

"அப்ப ரொம்ப நல்லது சார். மெஷின ஓட்டி மஞ்சள அழுத்தறேன். இதுல போட்டிருக்கறபடி நீங்களே கைய விட்டு ஒரு அட்டைய எடுத்துக் காட்டுங்க."

கத்தி இரண்டு முறை இறங்கி ஏறியது. பசைக்காரர் மஞ்சளை அழுத்தினார். நின்றது. முதலாளி இரண்டு கைகளையும் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார். கத்தி மறுபடி 'தடக்' என்று இறங்கியது.

"தெரிஞ்சேதான் இருந்திருக்கு உங்களுக்கு," என்றேன்.

"அந்தப் புக்க இங்க குடு!"

பசைக்காரர் கயிற்றை அறுத்துப் புத்தகத்தை என்னிடம் தந்தார். நான் அடுத்தவளிடம் கொடுத்தேன். கை மாறி மாறி அது வாசலுக்குப் போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"வெளிய போனவங்க அப்படியே போயிட வேண்டியதுதான்!"

"எங்கயும் போகல சார். கேட்லதான் இருப்போம்," என்றேன்.

எட்டு மணி ஷிப்டுக்காரர்கள் சாப்பாட்டுப் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். எங்களில் அட்டை வண்டி தள்ளுகிறவர் பன்னிரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்தார். அண்ணிக்கு நடந்ததை நான் சொன்னேன். ஒருத்தரும் உள்ளே போகவில்லை.