விளக்கை அணைக்கிற நாள்

மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கியது தலைவியின் கைதான். வருஷா வருஷம் அவள் கைதான் இறக்கும். டக்கென்று ஒரு சத்தம். மூன்று மாடிக் குடியிருப்பு மொத்தமும் அடங்கியது, யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி பாதியில் நின்றது, முற்றத்தில் கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பொழுது சாய்கிற நேரம். ஆள் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவள் கையைத் தட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு வந்து நின்றாள்.

தலைவி என்பது பட்டப்பெயர். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவளுக்கு அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். உரத் தொழிற்சாலையில் வாயுத் தொட்டி வெடித்து அவளுடைய அண்ணனும் இன்னும் பலரும் போய்ச் சேர்ந்த பிறகு, அழ வேண்டியவர்கள் அழுது முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகும், இவள் மட்டும் ஓயவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கதவு திறக்காத இடத்தில் வாசலில் உட்கார்ந்தாள். கடைசியில் நினைவுக் குழு என்று ஒன்றைக் கிளப்பினாள். விபத்து நடந்த நாளில் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் கூடி, போனவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் வருஷம் அவரவர் வீட்டு விளக்கை அவரவர் அணைத்தார்கள். அடுத்த வருஷம், இவள் கண்ணீரும் கம்பலையுமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது மாடி ஜன்னலில் டீவி நாடகம் நீலநிறமாக ஆடியது. மாமியார் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துகிற கட்டமாம், விட முடியவில்லையாம். அதற்குப் பிறகு யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை, மெயினையே இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

இந்த வருஷம் கூட்டம் கொஞ்சம் அதிகம். காரணம், மறுநாள் காலையில் கருத்துக்கேட்பு. ஊர்க்கோடியில் இருக்கிற அனல் மின் நிலையம் கிழடு தட்டிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, ஊரும் அதோடு சேர்ந்து இருண்டுபோகிறது. அதை மூடிவிட்டு, அதே இடத்துக்குப் பக்கத்தில் அணுமின் நிலையம் கட்டப்போகிறார்கள். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நாளைக்கு வந்து பேசலாம் என்று அறிவிப்பு. வேண்டாம் என்பதற்குத் தலைவியை விட்டால் ஆள் ஏது?

பெயர்களை அவள் தாளைப் பார்த்துச் சொல்வதில்லை. எப்போதும் ஒரே வரிசைதான், அண்ணன் பெயர் கடைசியில் வரும். அதை முதலில் சொன்னால் குரல் உடைந்து மற்றவர்கள் பெயர் கேட்காமல் போய்விடுகிறது என்று ஒருதடவை பட்டுத் தெரிந்துகொண்டாள். பாதிவரை வந்திருப்பாள். எங்கிருந்தோ 'பீப், பீப்' என்று ஒரு சத்தம். விட்டுவிட்டுக் கேட்டது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாருப்பா அது? செத்தவங்க பேரைச் சொல்லும்போதுகூடவா போனு? அணைங்கப்பா."

எல்லோரும் அவரவர் பையைத் தடவிப் பார்த்தார்கள். சத்தம் நிற்கவில்லை. அவள் இன்னும் இரண்டு பெயர் சொன்னாள். கீழ்வீட்டுக் கம்பவுண்டர், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன், தலையைத் தூக்கி முதல் மாடி ஜன்னலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா... அது உங்க வீட்டுக்காரர் மெஷின்க்கா."

கம்பவுண்டர் மெயின் சுவிட்சுக்கு ஓடினான். இவள் படியில் ஓடினாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி, முழங்காலை இடித்துக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்தபோது அவர் கட்டிலிலிருந்து பாதி இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். மூலையில் நிறுத்தியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் வரைக்கும் போகப் பார்த்திருக்கிறார். உதடு நாவற்பழ நிறம். கண் மட்டும் அவளையே பார்த்தது. அதற்குள் விளக்கு வந்துவிட்டது, மெஷினும் முனகிக்கொண்டு கிளம்பிற்று. ஆனாலும் அவள் சிலிண்டரைத் திருகித் திறந்து, குழாயை மாற்றி, அவர் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பாவி, பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே இருந்தாள்.

காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தருகிற அந்த மெஷின் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் வேலை பார்த்தது அதே அனல் மின் நிலையத்தில், சாம்பல் அள்ளுகிற பிரிவில். கூட வேலை பார்த்தவர்கள் அவரைச் சாம்பலார் என்பார்கள். ஏதோ பெரிய புலவர் மாதிரி இருக்கிறது என்று அவரும் சிரித்துக்கொள்வார். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அள்ளினார்கள், துணி ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். நெஞ்சு முழுக்கச் சாம்பலாகிவிட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டியபோது, "அங்கயும் கொட்டி வச்சுட்டாங்களா" என்று கேட்டவர் அவர். கரண்ட் போகும்போதெல்லாம் தலைவி போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து சிலிண்டரைத் திறப்பாள். அவள் வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருப்பாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஆனால் கரண்ட் போவது வேறு, தானே நிறுத்துவது வேறு என்று அவள் புத்தி பிரித்து வைத்திருந்தது போலிருக்கிறது. இன்றைக்கு நின்றதை அவள் கரண்ட் போனதாகவே நினைக்கவில்லை.

கூட்டம் கலைந்து போகிற சத்தம் கீழே கேட்டது. கம்பவுண்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, நிறம் திரும்பிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். வெகுநேரம் கழித்து அவருக்குப் பேச்சு வந்தது.

"மச்சான் பேரைச் சொல்லாமயே வந்துட்டியே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, நான்தான் மறந்து தொலைச்சேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இன்னைக்குன்னு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"இருந்துச்சு. காலைலேயே இருந்துச்சு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. "சொன்னா நிறுத்திருவ. இத்தன வருஷமா செஞ்சத நான் வந்து கெடுக்கணுமா? பத்து நிமிஷந்தானே, தாங்கிரலாம்னு நெனச்சேன். நீ பேச ஆரம்பிச்சா பத்து நிமிஷமான்னு யோசிக்கல பாரு."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. உடம்பு முழுக்க அலுப்பு. காலர் தைத்துத் தைத்துக் கழுத்தில் இறங்கிய வலி, இந்த ஒரு மாதமாகக் கெட்ட தூக்கம், படியில் இடித்த முழங்கால், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவளைத் தரையோடு அழுத்தின. இப்படியே விடிந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார் அவர்.

"எங்க?"

"கருத்துக்கேட்புக்கு. நானும் பேசணும்."

"இந்த உடம்போடயா? நான் பேசுறது போதாதா?"

"நீ வேண்டாம்னு பேசுவ. நான் வேணும்னு பேசணும்."

அவள் அவரை நகர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மேடையில் அவள் என்ன பேசினாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் கைத்தட்டலைத் தட்டுகிற மனுஷன் இவர்.

"வாய்விட்டே கேட்டுடுறேன். என் அண்ணன் செத்த நாள்ல உக்காந்துக்கிட்டு இதைச் சொல்றீங்களா?"

"மச்சான் ஒரு நொடியில போனாரு. ஊரே கூடுச்சு. வருஷா வருஷம் கூடுது. கூடட்டும், வேணாங்கல." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நானும் எங்க பிரிவு ஆளுங்களும் இந்தச் சாம்பலால முப்பது வருஷமா செத்துக்கிட்டிருக்கோம். எங்களுக்கு எந்த நாள்ல விளக்கை அணைப்பீங்க? வெடிச்சாத்தான் விபத்தா?"

அவளுக்கு அடித்த மாதிரி இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். கம்பவுண்டர் ஒருதடவை, "அக்கா, உரக் கம்பெனி வேற, அணு வேறக்கா, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று சொல்லப்போக, "அது வேற இது வேறதான் தம்பி, பொய் சொல்ற வாய் ஒண்ணுதானே" என்று கேட்டு அவன் வாயை அடைத்தவள்.

"உரக் கம்பெனிலயும் இப்படித்தான் சொன்னாங்க" என்றாள், குரல் எழும்பாமல். "ஆயிரத்துல ஒண்ணு, லட்சத்துல ஒண்ணு, நடக்கவே நடக்காதுன்னாங்க. அந்த ஒண்ணு எங்க அண்ணன். தூர தேசத்துல அணு உலை வெடிச்ச ஊருக்கெல்லாம் இன்னும் ஆளுங்க திரும்பிப் போக முடியலைங்க. தட்டுல போட்ட சோத்தை அப்படியே விட்டுட்டு ஓடியிருக்காங்க. மனுஷன் செத்தா பேராவது சொல்லலாம். ஊரே செத்தா பேரு சொல்ல யாரு இருப்பா?"

"நெசந்தான். நீ சொல்றது நெசந்தான்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதும்பாங்க. பூனைக்குச் சரி. நாம சோறாக்கணுமேம்மா."

அவளிடம் பதில் இருந்தது. அந்த அடுப்பை யார் கையில் கொடுக்கிறோம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் மெஷின் முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எந்தக் கரண்ட்டில் ஓடுகிறது, அந்தக் கரண்ட் எந்தச் சாம்பலிலிருந்து வருகிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தலை சுற்றியது. அவரைக் கொல்வதும் அதுதான், இப்போது பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவருக்குப் படுக்கையை உதறிப் போட்டாள். அவர் படுத்துக்கொண்டே, "கோவமா தலைவி?" என்று கேட்டார். "பேசாம தூங்குங்க" என்றாள்.

விடிந்ததும் அவள் கேட்டபடி கம்பவுண்டர் மருந்துக்கடையிலிருந்து ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்தான். எங்கே போக, எதற்கு என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. சின்ன சிலிண்டரை அவர் மடியில் வைத்துக் கட்டினாள். அவரிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். காலர் சரியாக உட்காரவில்லை. இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

கருத்துக்கேட்பு பள்ளிக்கூட மைதானத்தில். மேடையில் மூன்று அதிகாரிகள், முன்னால் ஒரு மைக். பேச விரும்புகிறவர்களுக்கு இரண்டு வரிசை, நடுவில் நீளமாக ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் 'ஆதரவு' என்று பலகை, இந்தப் பக்கம் 'எதிர்ப்பு'. ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்று மாறி மாறிக் கூப்பிட்டார்கள். தலைவி வருவதைப் பார்த்ததும் எதிர்ப்பு வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது, "வழி விடுங்கப்பா, தலைவியம்மா வந்தாச்சு" என்றார்கள். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக ஆதரவுப் பக்கம் போனதும் சலசலப்பு அடங்கிவிட்டது. ஆதரவு வரிசையின் கடைசியில் அவரை நிறுத்தினாள், குழாய் மூக்கில் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்து தன் வரிசையில் நின்றாள்.

இரண்டு பேரும் கிட்டத்தட்ட நேர் எதிரே நின்றார்கள். ஆதரவு வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. அவர் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்தார், அரை அடிகூடப் போகவில்லை, அதற்குள் நெஞ்சு மேலும் கீழும் அடித்துக்கொண்டது. அவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் திரும்பினாள். அதற்குள் இவள் வரிசை நகர்ந்திருந்தது. முன்னால் நின்ற பெண் அவள் இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். மறுபடி அவர் வரிசை நகர்ந்தது, மறுபடி போனாள். மூன்றாம் தடவை வந்து பார்த்தபோது அவள் இடத்தில் வேறு தெருக்காரர் ஒருவர் நின்றார். அவள் சண்டை போடவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டாள். மைக்கில் யாரோ உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் விழுந்ததெல்லாம் எதிர்ப்பக்கத்து மூச்சு மட்டும்தான். முன்னால் இன்னும் எத்தனை தலை என்று எட்டிப் பார்த்தாள். தன் முறை வந்தால் வாயைத் திறந்து என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று விட்டுப்போன பெயர் ஒன்றுதான் தொண்டையில் நின்றது.

ஆதரவு வரிசை மறுபடி நகர்ந்தது. அவர் திரும்பி அவளைப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தானே சக்கரத்தில் கையை வைத்தார். அவள் போனாள். இந்தத் தடவை கயிற்றுக்குக் குனிய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றபடி எட்டி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

ஒழுங்குபடுத்த நின்ற இளம்பெண் ஓடி வந்தாள். "அம்மா, அங்கயும் இங்கயுமா போகக்கூடாதும்மா. ஒரு இடத்துல நில்லுங்க. நீங்க எந்த வரிசை?"

தலைவி அவள் முகத்தைப் பார்த்தாள். முன்னால் இன்னும் ஓர் ஆள் நகர்ந்தது. அவள் தள்ளினாள். இடுப்பில் முட்டிய மஞ்சள் கயிறு அவளோடு சேர்ந்து இழுபட்டு, இரண்டு வரிசைக்கும் நடுவில் வளைந்துகொண்டே போனது.