மாவு டப்பாவுக்குள்

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், ரிட்டயரான கையோடு ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கி வந்து நின்றபோது, அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் படகின் சமையல் மூலையைப் பார்த்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டோரைக் காலமெல்லாம் கட்டிக் காத்தவளாயிற்றே. கடல் காற்று பட்டால் உப்பு கசியும், பிஸ்கட் நமுத்துப்போகும், தீக்குச்சி பற்றாது. எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டினாள். ரப்பர் வளையம் போட்ட ஒரே டப்பாவில் மாவு. அதோடு ஈரத்தை இழுத்துக்கொள்ள, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து ஒரு பொட்டலம். அந்த டப்பாவை அவர் தொட்டால் தொலைந்தார்.

ஈரம் ஆகாத இன்னொன்றும் இருந்தது, அவளுடைய காது மெஷின். அது இல்லாவிட்டால் அவளுக்கு இடியும் ஒன்றுதான், எறும்பும் ஒன்றுதான். முன்னால் நின்று பாயை இறக்குகிறவளுக்குப் பின்னாலிருந்து அவர் சொல்வது கேட்க வேண்டாமா? மெஷின் போனால் இனிப் படகில் கால் வைப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அவருக்குப் பாரமாக இருக்க அவளுக்கு இஷ்டமில்லை.

அன்று மதியம் காற்று பேயாட்டம் ஆடியது. நனையாமல் இருக்கட்டும் என்று மெஷினைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே அலமாரியில் வைத்தாள். காது இல்லாமல் முன்னால் நிற்க முடியாதே, அவரிடமிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டாள். அடுத்த அலை கதவு வழியாக நேரே உள்ளே இறங்கியது. அவர் விழுந்தடித்து உள்ளே ஓடினார்.

சாயங்காலம் காற்று அடங்கியதும் இறங்கிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அலமாரி சொட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டை தண்ணீரில் கிடந்தது, மெஷினைக் காணோம். தரையெல்லாம் மாவுச் சேறு. நடுவில் அவர், மாவு டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு. காப்பாற்ற உங்களுக்கு இந்தத் தகரம்தான் கிடைத்ததா என்று ஆரம்பித்தவள், கல்யாணத்தன்று தொடங்கி அவர் செய்த தப்பையெல்லாம் வரிசையாக இழுத்துப் போட்டாள். டப்பாவைப் பிடுங்கவும் போனாள். அவர் மூடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நாளைக்கு என்று வாயசைத்தார். பையில் தப்பிய பிஸ்கட்டைத் தின்றுவிட்டு முறைத்துக்கொண்டே படுத்தாள். இதுதான் கடைசிப் பயணம் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அவரே டப்பாவைத் திறந்து நீட்டினார். அரிசிப் பொட்டலத்தின் மேல் காது மெஷின் காய்ந்து கிடந்தது. அது பிழைக்குமோ பிழைக்காதோ, வீணாக ஆசை காட்ட மனம் வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். அவள் அதை எடுத்துக் காதில் மாட்டினாள். கீச்சென்று ஒரு சத்தம். பிறகு பலகையில் தண்ணீர் தட்டுவது கேட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் குனிந்து தரையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மாவு எந்தக் கரையிலயும் கிடைக்கும். நான் பேசுறதக் கேக்க எனக்கு வேற யாரு இருக்கா?"

ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழுந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள். "சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."