இடக்கைப் பாதையில் ஒரு கொப்பு

இராசமலர் சைக்கிள் ஓடப் பழகியதே முப்பத்திரண்டு வயதில்தான். எண்ணெய்க்குத் தடை வந்து பஸ்கள் எல்லாம் நின்றுபோனபோது, உரும்பிராயில் அவளும் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளில் ஏறினாள். இரண்டு வேலியையும் ஒரு வாழைக்குட்டியையும் சாய்த்த பிறகு ஒருவாறு நிமிர்ந்து ஓடினாள். அப்படிப்பட்டவள் வவுனியா வரை மூன்று நாள் உழக்கப் போகிறாள், அதுவும் காட்டுப் பாதையால், என்று கேட்டதும் தமையன் முருகேசுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடப் போகவும் வழியில்லை. தொண்ணூற்றிரண்டில் ஆண்பிள்ளைகளுக்கு ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைப்பது லேசான காரியமா என்ன?

அவள் போகாமலும் இருக்க முடியாது. ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியையாகவே காலம் போய்விட்டது. நிரந்தர நியமனத்துக்கு வயதெல்லை முப்பத்தைந்து. அவளுக்கு வருகிற ஆனியில் முப்பத்தைந்து முடிகிறது. நேர்முகத்துக்கான கடிதம் கொழும்பிலிருந்து புறப்பட்டு, இருபத்தாறு நாள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை ஆறுதலாக அவள் கைக்கு வந்து சேர்ந்தது. வவுனியாவில், வருகிற திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. இதைத் தவறவிட்டால் இனி ஒரு கடிதம் வராது.

துணைக்குக் கிடைத்தவர்கள் சந்தியோகுவும் அவர் மனைவி லூர்த்தம்மாவும். குருநகர் மீன்பிடி ஆட்கள், வயதானவர்கள் என்பதால் பாஸ் கிடைத்திருந்தது. ஷெல்லடிக்குத் தப்பி வந்து, இராசமலர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் ஒன்றரை வருடமாகக் குடியிருந்தார்கள். மகள் றோஸுக்கு வவுனியாவில் பிள்ளை பிறந்திருந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சைக்கிள். பாரில் கருவாட்டு மூட்டை, கரியரில் லூர்த்தம்மா, அவள் மடியில் பிள்ளைப்பெற்றவளுக்கு இடித்த சரக்குத்தூள். பின் ரயரோ வெடித்து, சந்தியோகு வலை பொத்துகிற கையால் நைலோன் நூல் போட்டுத் தைத்த ரயர். புது ரயர் யாழ்ப்பாணத்தில் கனவிலும் கிடையாது.

கொம்படிக் கடனீரேரியில் சேற்றுக்குள்ளால் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் கடந்தார்கள். முதல் இரவு பரந்தனில், அடுத்த இரவு மாங்குளத்தில் ஒரு வீட்டு விறாந்தையில். மூன்றாம் நாள் ஞாயிறு. பெரிய தெருவில் ஹெலிகொப்டர் சுடுகிறது, காட்டுக்குள் இறங்குங்கள் என்றார்கள் எதிரே வந்தவர்கள். பாலையும் வீரையும் முதிரையும் நெருக்கி நின்ற காடு. நிழல் என்று பேர்தான், காற்று மருந்துக்கும் இல்லை. வேர்களுக்கு மேலால் ஓடினதில் இராசமலருக்குப் பல்லெல்லாம் ஆடியது. மணல் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். யானை லத்தி கண்டால் மணலோ வேரோ ஏறி உழக்க வேண்டும்.

அந்தப் பாதைக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாதை பிரிகிற இடத்தில், முன்னே போகிறவர் ஒரு பச்சைக் கொப்பை முறித்து, தான் போகிற பக்கத்து மரத்தில் செருகிவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துப் போவார். அந்த வெயிலுக்குக் கொப்பு ஒரு நாளிலேயே சருகாகிவிடும். அதனால் பச்சையை மட்டும்தான் நம்புவார்கள்.

"ரீச்சர், நீங்கள் முன்னுக்குப் போங்கோ," என்றார் சந்தியோகு. "நாங்கள் பாரத்தோடை ஆறுதலா வாறம். பிரியிற இடத்திலை கொப்பை வைச்சிட்டுப் போங்கோ. மறந்திடாதேங்கோ."

"நானோ மறக்கிறது? என்ரை வகுப்பிலை முப்பத்தெட்டுப் பிள்ளையள். இடாப்புப் பாராமல் பேர் சொல்லுவன்."

சொல்லுவாள்தான், அதில் பொய் இல்லை. முதல் இரண்டு பிரிவிலும் ஒழுங்காகவே கொப்பு வைத்தாள்.

மூன்றாவது பிரிவில் இரண்டு பக்கமும் சைக்கிள் தடம் கிடந்தது. எதிரே சவர்க்காரப் பெட்டிகளை ஆள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு ஒருவன் வந்தான்.

"வலக்கைப் பக்கம் போங்கோ அக்கா. இடக்கைப் பாதை குளத்துக்கு. குளமும் வத்திப்போச்சு, விறகுவெட்டியளும் யானையுந்தான் போறது. கெதியாப் போங்கோ, தாண்டிக்குளத்திலை ஆமிக்காரர் மூண்டு மணிக்குச் சோதனை வாசலைப் பூட்டிப்போடுவாங்கள். பிறகு நாளைக்குப் பத்துக்குத்தான் திறப்பு."

பத்துக்குத் திறந்தால் ஒன்பது மணி நேர்முகத்துக்கு எப்படிப் போவது? இராசமலர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று. அப்போதுதான் இடக்கைப் பாதையில், பத்தடி தள்ளி, ஒரு வீரை மரமும் அதன் அடியில் ஒரு கல்லும் கண்ணில் பட்டன. கல்லைச் சுற்றிக் காய்ந்த கொப்புகள். ஐயனார். காட்டைக் கடக்கிறவர்கள் அவருக்கு ஒரு கொப்பு முறித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்று மாங்குளத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

நல்ல பச்சைக் கொப்பாகப் பார்த்து முறித்தாள். வீரை மரத்தில் செருகினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி, மூன்று மணிக்கு முதல் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு ஐயனாரே என்று மனதாரக் கேட்டாள். பிறகு திரும்பி வந்து, வலக்கைப் பாதையில் ஏறி உழக்கத் தொடங்கினாள். கொப்பு முறித்தாயிற்று, மரத்தில் செருகியும் ஆயிற்று என்று மனம் அந்த அலுவலை முடித்துக்கொண்டது. வலக்கைப் பக்கம் ஒரு கொப்பும் இல்லை என்பது அதற்கு உறைக்கவில்லை.

காடு முடிகிற இடத்தில் சிவக்கொழுந்து என்ற பெண்ணின் தேநீர்க் கொட்டில் இருந்தது. பன்னிரண்டேகாலுக்கே இராசமலர் அங்கே வந்துவிட்டாள். தாண்டிக்குளத்துக்கு இனி ஒரு மணித்தியால ஓட்டம்தான். அவள் சந்தோசமாக இருந்தாள், அதை ஏன் மறைக்க வேண்டும்? சிவக்கொழுந்து வெறுந்தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"தனியவோ வந்தனியள்? ஐயனாருக்குக் கொப்பு வைச்சனியளோ?"

"ஓம், ஓம். வைச்சனான். அந்த வீரை மரத்..."

கோப்பை வாய்க்குப் போகவில்லை.

நல்ல மனுசி, உடனே திரும்பிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படிச் செய்யவில்லை. சந்தியோகு கடலில் நட்சத்திரம் பார்த்துத் திசை பிடிக்கிற மனிசன், காட்டில் வழி பிடிக்கமாட்டாரா? யாராவது எதிரே வந்து சொல்லமாட்டார்களா? இப்படி எல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சைக்கிளை எடுத்துத் தாண்டிக்குளத்துப் பக்கமாகவே கால் மைல் தூரம் ஓடினாள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர், அதுவும் காலையிலேயே பாதி. அது ஞாபகம் வந்ததும் கால் உழக்க மறுத்தது. நடுத்தெருவில் இறங்கி நின்று, "ஐயோ, என்ரை ஒன்பது வருசம்!" என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினாள். சிவக்கொழுந்திடம் தண்ணீர்க் கான் ஒன்றை இரவல் வாங்கிக் கரியரில் கட்டிக்கொண்டு மறுபடி காட்டுக்குள் போனாள்.

வீரை மரத்தில் அவளுடைய கொப்பு இன்னும் வாடாமல் நின்றது. அதன் கீழே மணலில், இடக்கைப் பக்கமாக, தைத்த ரயரின் தடம். அவள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பாதையில் கிடந்த யானை லத்தி ஈரம் காயாமல் இருந்தது. பயத்தில் கூப்பிடுவதை நிறுத்தினாள், பிறகு அவர்களுக்குக் கேட்காமல் போய்விடுமே என்று மறுபடி கூப்பிட்டாள்.

குளம் வெடித்துக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் சேறு. சந்தியோகு சிரட்டையால் அதைக் கிண்டிக்கொண்டிருந்தார். லூர்த்தம்மா ஒரு மரத்தடியில் சரக்குத்தூள் பையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நாலு மிடறு தண்ணீர் போன பிறகுதான் கதை வந்தது.

"உங்கடை கொப்பைப் பாத்துத்தான் இதாலை வந்தம். பாதை முடிஞ்சுபோச்சு. ரீச்சர் பிழையா வைக்கமாட்டா, நாங்கள்தான் எங்கையோ பிசகிட்டம் எண்டு இவர் குளத்தை மூண்டுதரம் சுத்திப் பாத்தவர்."

சந்தியோகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கடை நேர்முகத்தை விட்டிட்டோ எங்களைத் தேடி வந்தனியள்? மாதாவே!"

கொப்பின் உண்மையைச் சொல்லத்தான் இராசமலர் வாயைத் திறந்தாள். "யானை வரமுன்னம் வெளிக்கிடுவம், வாங்கோ," என்று மட்டும்தான் சொன்னாள். அந்த நேரம் அவளுக்குத் தன்னைத்தானே பிடிக்கவில்லை.

கொட்டிலுக்கு வரப் பொழுதுபட்டுவிட்டது. திங்கட்கிழமை பத்துக்குத் திறந்து, பொதி சோதித்து, வவுனியாக் கல்விக் கந்தோர் வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டேகால். இடாப்போடு இருந்த கிளாக்கர் கனிசியஸ் தலையை ஆட்டினார்.

"இரண்டுதரம் பேர் கூப்பிட்டம் தங்கச்சி. வரேல்லை எண்டு எழுதியாச்சு."

சந்தியோகுதான் பேசினார். கருவாட்டு மணத்தோடு கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்தினார். இந்தப் பிள்ளை காட்டைத் தாண்டிய பிறகும் எங்களைத் தேடித் திரும்பிக் காட்டுக்குள் வந்தது, இல்லையென்றால் நாங்கள் இரண்டுபேரும் செத்திருப்போம், இவளுக்கு வேலை இல்லையென்றால் பிறகு யாருக்கு வேலை என்று கேட்டார். கனிசியஸ் இடாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "சேர்மார் வரச் சொல்லினம். உங்கடை கதையைக் கேட்க வேணுமாம்," என்றார்.

இராசமலர் உள்ளே போக வெளிக்கிட்டாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து அந்த இருவருக்கும் முன்னால் நின்றாள்.

"அண்ணை, அந்தக் கொப்பு நான் உங்களுக்கு வைச்சதில்லை. எனக்கு வேலை கிடைக்க வேணுமெண்டு ஐயனாருக்கு வைச்சது. உங்களுக்கு வைக்க மறந்துபோனன்."

சந்தியோகு விளங்காமல் மனைவியைப் பார்த்தார். லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் இராசமலரின் முகத்துப் புழுதியைத் துடைத்துவிட்டாள்.

"தெரியும் பிள்ளை. திரும்பி வரேக்கை அந்தக் கல்லைப் பாத்தனான், சூடம் எரிச்ச கறுப்புக் கிடந்தது, சாமிக்கு வைச்ச கொப்பெண்டு விளங்கிச்சு. இந்த மனிசனுக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான். போங்கோ, பிந்தினது போதும்."

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, கதிரையைக் காட்டினார். ஏன் பிந்தினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இராசமலர் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு இருந்தாள். கொப்பிலிருந்து தொடங்கினாள்.