செயின் கட்டர் இருக்க வேண்டிய டப்பா

சைக்கிளில் நீண்ட தூரம் போகிறவன் கையோடு என்னென்ன கருவிகள் வைத்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். மாற்று ட்யூப் இரண்டு, டயர் லீவர், பம்ப், அல்லன் கீ கொத்து, அறுந்த செயினில் உடைந்த கண்ணியைக் கழற்றும் செயின் கட்டர், முனைகளை மறுபடி இணைக்கும் செயின் லாக் ஒரு ஜோடி. இதில் செயின் கட்டரை மட்டும் எல்லோரும் வீட்டில் போட்டுவிட்டு வருவார்கள். செயின் எங்கே அறுந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு. அப்படி நினைப்பவர்களை நான் வருடக்கணக்காகத் திட்டி வந்திருக்கிறேன். என் பெயர் ஃபிர்மின். எங்கள் சைக்கிள் சங்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பட்டறை' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் இரண்டாவது தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தில் மூடி போட்ட கறுப்பு டப்பா ஒன்று வைத்திருப்பேன். பட்டறை அதற்குள்தான்.

என் மனைவி வீர்லாவுக்கு ஐம்பத்தொரு வயதில் இருநூறு கிலோமீட்டர் சவாரி ஆசை வந்தது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வழியில் நான்கு ஊர்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, இரவு எட்டரைக்குள் கிளம்பிய இடத்துக்கே திரும்பிக் கடைசி முத்திரை வாங்க வேண்டும். எங்கள் ஊர் ஜூனில் எட்டரைக்கும் வெயில் இருக்கும், அதனால் இருட்டைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. முதல் வருடம் அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருடம் பதினெட்டு நிமிடம் தாமதம். இதை நடத்துவது அவளுடைய சொந்தத் தம்பி லீவென். தொடங்குவதும் முடிவதும் அவனுடைய காபிக் கடையில்தான். அந்தப் பதினெட்டு நிமிடத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அக்காவின் கண் முன்னாலேயே முத்திரைப் பெட்டியைப் பூட்டினான். இன்னொரு தடவை தவறினால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்று அவள் மறுநாள் சொன்னாள். வீர்லா சொன்னால் செய்வாள்.

எனக்கோ ஒன்பது வருடத்துக் கடைசி முத்திரை ஆகியிருந்தது. பத்து ஆனால் கடைச் சுவரில் பெயர் எழுதுவார்கள்.

இந்த வருடம் அவள் தனக்கும் ஒரு செயின் கட்டர் வேண்டும் என்றாள். வீண் பாரம், நான்தான் கூடவே வருகிறேனே என்று தடுத்துவிட்டேன். இந்த இடத்தில் படிக்கிறவர்கள் என்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்ளலாம். மீதியைப் பத்திரமாக வைத்திருங்கள், தேவைப்படும்.

பிப்ரவரியில் டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார். அன்றோடு வீட்டில் இனிப்பு நின்றது. எங்கள் பக்கத்தில் மாட்டன்டார்ட் என்று ஒரு பணியாரம் உண்டு, உறைபாலும் பாதாமும் உள்ளே வைத்துச் சுடுவார்கள், உள்ளங்கை அளவு இருக்கும். நாலு மாதமாக நான் அதைக் கடைக் கண்ணாடி வழியாகக் கண்ணால் மட்டும் தின்றுகொண்டிருந்தேன். சவாரிக்கு முந்தின நாள் சாயங்காலம் கால் தானாகவே உள்ளே போய்விட்டது. நாலு வாங்கினேன். சட்டைப் பையில் வைத்தால் அவள் பார்ப்பாள். அவள் என்றைக்கும் திறக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. டப்பாவில் இருந்த இரும்பையெல்லாம் கொட்டகையில் ஒரு காலிப் பூந்தொட்டிக்குள் கொட்டினேன். ட்யூபும் பம்பும் அவளிடமே இருந்தன. என் ஆயுசில் ஒரு செயின் அறுந்ததில்லை. நாலும் அளவெடுத்தது போல டப்பாவுக்குள் உட்கார்ந்தன.

மறுநாள் நூற்று முப்பது கிலோமீட்டருக்குள் நாலு தடவை மரத்தின் பின்னால் ஒதுங்கினேன். நாலாவது தடவை வீர்லாவுக்குக் கவலை வந்துவிட்டது. வயசாகிறது, திங்கட்கிழமை போய் டாக்டரிடம் காட்டு என்றாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு சரி என்றேன்.

நூற்று எண்பத்தாறாவது கிலோமீட்டரில், மணி ஏழே கால் இருக்கும், ஒரு சின்ன ஏற்றத்தில் அவள் எழுந்து நின்று மிதித்தாள். டக்கென்று ஒரு சத்தம். செயின் சாலையில் நீளமாகக் கிடந்தது. மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ முன்னால் போயிருந்தார்கள். எப்போதும் கடைசி நாங்கள்தான்.

வீர்லா கொஞ்சமும் பதறவில்லை.

"பட்டறையைத் திற," என்றாள் சிரித்துக்கொண்டே.

நான் செயினை எடுத்துத் துடைத்தேன். பிளந்த கண்ணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இப்படி ஒரு பிளவை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தானே டப்பாவை உருவி மூடியைத் திருகினாள். பணியாரக் கடையின் காகிதப் பையும் கொஞ்சம் துகளும் சாலையில் விழுந்தன.

"எத்தனை?"

"நாலு."

"எனக்கு ஒண்ணுகூட வைக்கல."

கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பூந்தொட்டி விவரத்தை நானே ஒப்பித்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வண்டியை அவளுக்குக் கொடுத்துவிடலாம், என் பத்தாவது முத்திரை போனால் போகட்டும். பெரிய மனசோடு அதைச் சொன்னேன். ஆனால் நான் ஆறடி மூன்று அங்குலம், அவள் ஐந்தடி. ஏறி உட்கார்ந்தவளுக்கு இரண்டு காலும் மிதிகட்டைக்கு எட்டவில்லை. சீட்டை இறக்க வேண்டும். இறக்க அல்லன் கீ வேண்டும். அல்லன் கீயும் பூந்தொட்டியில்தான் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

சாலையோரம் இருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த வீட்டம்மா கணவருடைய பெட்டியை அப்படியே தூக்கி வந்தார். சுத்தியல், கட்டைவிரல் தடிமனில் ஆணிகள், காய்ந்துபோன பெயிண்ட் பிரஷ். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னார், நல்ல மனுஷி. காரில் ஏறினால் அட்டை செல்லாது. வீர்லா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். மணி ஏழரை. பதினான்கு கிலோமீட்டர், அறுபது நிமிடம்.

செயினைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செயின் இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"தள்ளு," என்றாள். "தின்ன நாலும் இப்ப வேலை செய்யட்டும்."

சோர்ந்துபோனவனின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது எங்களிடையே வழக்கம்தான். நூறு மீட்டர், மிஞ்சினால் இருநூறு. பதினான்கு கிலோமீட்டர் யாரும் தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வலது கை அவள் முதுகில், இடது கை என் கைப்பிடியில், எதிரே காற்று. தோள் விட்டுப்போனால் மறுபக்கம் வந்து கையை மாற்றிக்கொள்வேன். இறக்கத்தில் அவள் ஜாலியாக உருண்டு போய்விடுவாள், நான் துரத்திப் பிடிக்க வேண்டும். கல் பாவிய ஏற்றம் ஒன்றில் இரண்டு பேரும் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு ஓடினோம். மிதிகட்டையில் மாட்டுவதற்காக ஷூவின் அடியில் இருக்கும் கொக்கி கல்லில் வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். அவள் நிற்கவில்லை, சரியாகத்தான் செய்தாள்.

தள்ளப்படுகிறவளுக்கு மூச்சு வாங்காது. அதனால் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"கட்டர் எத்தனை கிராம்?"

"எண்பது."

"மாட்டன்டார்ட்?"

"நூறு இருக்கும்."

"நானூறு கிராமைத் தூக்கிட்டு வந்திருக்க. எண்பது கிராம் எனக்கு வீண் பாரமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக மிதித்தேன்.

மாதா கோவில் கோபுரம் தெரிந்தபோது எட்டு இருபத்தேழு. கடைக்கு இன்னும் முந்நூறு மீட்டர். அங்கே என் இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டன. நல்லவேளையாகக் கடைசித் தெரு லேசான இறக்கம். உடம்பில் மிச்சமிருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே தள்ளு தள்ளினேன். அவள் போனாள். நான் யாரோ ஒருவர் வீட்டு வேலிக்குள் சாய்ந்தேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். செயின் இல்லாத வண்டியைப் பார்த்ததும் லீவென் விதிப் புத்தகத்தைத் தேடியிருக்கிறான். ஒருத்தர் இன்னொருத்தரைத் தள்ளலாமா என்று அவனுக்குச் சந்தேகம். வீர்லா அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறாள்.

"முதல்ல குத்து தம்பி, அப்புறம் படி."

குத்திவிட்டான். எட்டு இருபத்தொன்பது. பிறகு நிதானமாகப் படித்தான். கூட ஓட்டுகிறவர் உதவலாம் என்று அவனே அச்சடித்த அந்தப் புத்தகத்தில் இருந்தது.

நான் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தபோது எட்டு முப்பத்துநாலு. பெட்டி பூட்டியிருந்தது. மன்னிச்சுக்குங்க மாமா என்றான் லீவென், முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. வீர்லா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையை மேசையில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயின் அறுந்தது, இவர் தள்ளிக்கொண்டு வந்தார் என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கடை முழுக்கக் கை தட்டியது. முதுகில் தட்டினார்கள், பீர் வாங்கி வைத்தார்கள். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு முடியவில்லை, பூந்தொட்டி முதல் நாலாவது மரம் வரை நானே சொல்லிவிட்டேன். லீவென் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிரிப்பு அடங்கிய பிறகு வீர்லா என் பக்கம் திரும்பினாள்.

"உன் கை முதுகுல இருந்தவரைக்கும் கோபமாத்தான் வந்தேன்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கையை எடுத்ததும் பயமாயிடுச்சு. வண்டி ஓடுது, திரும்பிப் பார்க்கவும் முடியல. இருநூறு கிலோமீட்டர்ல அந்த முந்நூறு மீட்டர்தான் எனக்கு ரொம்ப தூரம்."

என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. ஒன்பது முத்திரை வாங்கிய நாட்களில் எதிலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. அதைச் சொல்வதற்காக அவள் பக்கம் குனிந்து மேசையில் கை ஊன்றப் போனேன்.

"சொல்லு," என்றாள். "ஆனா அட்டைல கை வைக்காத. மை இன்னும் காயல."