யால்மரின் ஆன்மா

அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டபோது தோராவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோட் முழுக்க வெள்ளைச் சுண்ணம் பூசியிருந்தார்கள். எதிரே சுவரும் தரையும் கறுப்பு வெல்வெட். அதன்மேல் நடந்தால் கோட் மட்டும் புகை மாதிரி சினிமாப் படத்தில் விழும். செத்தவன் உடம்பிலிருந்து ஆன்மா எழுந்து வருகிற காட்சி.

செத்தவன் அவள் அப்பா யால்மர். படத்தில் மட்டும் சாக வேண்டியவர். ஊர் ஊராக நாடகம் போட்டுத் திரிந்த மனுஷன். கடவுள் இருக்கிறாரா என்று வானத்தைப் பார்த்துக் கேட்கிற வேடம் கிடைத்ததும் சின்னப் பிள்ளையாகிவிட்டார். பிப்ரவரி மாதத்தில், உறைந்த ஏரிமேல் படுக்கச் சொன்னார் இயக்குநர் சிக்ஸ்டன். மேகம் விலகட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாதி நாள் படுக்கவைத்தார். காட்சி கிடைத்தது. கூடவே நிமோனியாவும் கிடைத்து, ஆளையே கொண்டுபோய்விட்டது.

எடுத்த சுருளை இன்னும் கழுவவில்லை. ஒளிப்பதிவாளர் எவர்ட் அதைக் காமிராவுக்குள்ளேயே பின்னால் சுற்றி வைத்திருந்தார். அதே சுருளில், அப்பாவின் மேலேயே, ஆன்மாவும் பதிய வேண்டும். கால் தவறினால் வெள்ளைக் கோட் அவர் முகத்தை அழித்துவிடும். வேறு பிரதி கிடையாது. வீட்டில் போட்டோக்கள் இருந்தன, எல்லாவற்றிலும் நாடக வேஷத்து ஒட்டுத்தாடி; சொந்த முகம் இந்தச் சுருளில் மட்டும்தான்.

"மொதல்ல கழுவிப் பாத்துரலாமே. அவரு மொகத்தை ஒரு தடவை பாத்துட்டு நடக்கிறேன்," என்றாள்.

"கழுவிட்டா அதுமேல எதுவும் பதியாதும்மா," என்றார் சிக்ஸ்டன். "உங்கப்பா நடை உனக்குத்தான் வருது."

"அவரைப் படுக்க வச்சப்பவும் இப்படித்தான் தேனா பேசியிருப்பீங்க."

சிக்ஸ்டன் தொப்பியைத் திருகினார். "நீ நடக்கலேன்னா நாளைக்கு வேற ஒருத்தன் நடப்பான். அவன் எங்க மிதிப்பானோ, எனக்குத் தெரியாது."

அந்த வார்த்தைக்குத்தான் அவள் பணிந்தாள். எவர்ட் ஓரமாக நின்று, பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துச் சாஸரிலிருந்து காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏரியில் அப்பாவுக்குக் கம்பளி சுற்றிவிட்டவர் அவர்தான்.

"தப்பாயிட்டா என்ன மாமா ஆகும்?"

"தப்பாயிட்டா அவரும் இல்ல, ஆன்மாவும் இல்ல," என்றார் எவர்ட், முகத்தைப் பார்க்காமல்.

விளக்குகள் எரிந்தன. காமிராவைப் பார்க்கக் கூடாது என்று சிக்ஸ்டன் அதன் பின்னாலிருந்து எச்சரித்தார். எவர்ட் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். வெல்வெட்டில் படுத்திருந்த தோரா எழுந்தாள். ஒவ்வோர் அடியும் அப்பாவின் நெஞ்சில் வைப்பது போலிருந்தது. பாதி வழியில் தன்னை மீறி நிமிர்ந்து பார்த்தாள்.

காமிராவின் கண்ணாடி மின்ன வேண்டிய இடத்தில் பித்தளை மூடி இருந்தது. எவர்ட் அதைக் கழற்றவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த சிக்ஸ்டனுக்கு அது தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூடியை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். சொல்லாவிட்டால் சுருளில் புதிதாக எதுவும் பதியாது; ஆன்மா இருக்காது, அப்பா இருப்பார். சுருளைக் கழுவும்போது தெரிந்துபோய், எவர்டின் பிழைப்பு போய்விடும்.

எவர்ட் அவளைப் பார்த்தார். கை நிற்காமல் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மெதுவா," என்றார் சிக்ஸ்டன், குரல் தழுதழுக்க. "அப்படியே யால்மர்தான்."

தோரா இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து, அப்பா நடக்கிற மாதிரியே, அந்த மூடியை நோக்கி நடந்தாள்.