இசோபேயின் மீன்படகு

கப்பல், கார் என்று குட்டி மாடல்கள் செய்யும் எங்கள் சங்கத்தில் பழைய பெயிண்டை உரிக்க வேண்டுமென்றால் கட்சுமாதாவைத்தான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் ஷிசுவோகாவில் பிளாஸ்டிக் மாடலுக்கு நன்றாகப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அடித்ததைச் சேதாரமில்லாமல் கழற்றத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். கார் பெட்ரோல் டாங்கியில் சேரும் தண்ணீரை எடுக்க ஒரு திரவம் மலிவாக விற்கிறார்கள் இல்லையா, அதை டப்பாவில் ஊற்றி, மாடலை உள்ளே போட்டு மூடிவிடுவார். பெயிண்ட் வெந்த தக்காளித் தோல் போலச் சுருங்கி எழும்பும். அப்புறம் பல் துலக்கும் பிரஷ் போதும். இந்த வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'தொபுக்கடீர்'.

கட்சுமாதாவின் கை எவ்வளவு பொறுமையோ, வாய் அவ்வளவு அவசரம். என் வாயும் குறைச்சலில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் சமூகக்கூடத்தின் மாடியறையில் மேசை போட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னலோர மேசை கட்சுமாதாவுடையது. பழைய பொருள் கடையில் கிடைக்கும், எவனோ சொதப்பிய மாடல்களை உரிப்பதற்காக அங்கேதான் கொண்டுவந்து வைப்போம். புதிதாகச் சேர்ந்த இசோபேவுக்கு அது தெரியாது. யாய்சு துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர். மற்ற மேசையெல்லாம் நிரம்பிவிட்டதால் தன் மாடலை அந்த மேசையில் வைத்துவிட்டு, வாசலில் பலகை கட்டுகிறவர்களுக்கு உதவக் கீழே போனார். செயலாளர் நான்தான். யாருடையதை எங்கே வைப்பதென்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அது ஒரு சூரை மீன்படகு. வெள்ளை உடம்பு, நீலப் பட்டை, அடியில் சிவப்பு. எல்லாம் அப்பிக்கிடந்தது. பட்டை கோணல்மாணலாக ஓடியது, சிவப்பு வழிந்து வழிந்தபடியே காய்ந்திருந்தது.

கட்சுமாதா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எவன் வீட்டுக் குப்பை இது? சோறு அள்ளுற கரண்டியால அடிச்சிருக்கான் போல."

"கண்ணையும் மூடிக்கிட்டு அடிச்சிருப்பான்," என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். படகு தொபுக்கடீரென்று உள்ளே போனது.

ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்து, அடியிலிருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வெளியே வந்துவிட்ட நேரத்தில், இசோபே தேநீர்த் தட்டோடு வந்தார். "ஜன்னல் பக்கத்துல ஒரு படகு வெச்சிருந்தேன்..." என்று ஆரம்பித்தவர், கட்சுமாதாவின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கட்சுமாதாவின் முகத்தில் ஈயாடவில்லை. தெரியாமல் செய்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது எங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தது என்பதைத் தவிர வேறு காரணம் ஏது? உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் அதுவே இன்னொரு அடி.

"பெட்டி மாறிப்போச்சு, இசோபே சான்," என்று கட்சுமாதா வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார். அங்கே பெட்டியே இல்லை.

இசோபே குனிந்து வணங்கினார். வணங்க வேண்டியவர்கள் நாங்கள். "பரவாயில்லீங்க. நானே உங்ககிட்ட உரிக்கக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். எனக்கு வேலை மிச்சம்." அப்புறம் ஒவ்வொருவருக்காகத் தேநீர் கொடுத்தார். அந்த வருஷத்துப் புதுத் தேயிலை.

அவர் செய்த முதல் மாடல் அது. அதைப் பார்க்கவே நகோயாவிலிருந்து மகள் வருகிறாள் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். கட்சுமாதாவை ஓரமாகக் கூப்பிட்டு நான் அதைச் சொன்னதும் அவர் நேரே இசோபேயிடம் போனார்.

"நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அடிச்சுக் கொண்டாந்துடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"எனக்கென்ன சிரமம்?"

"வேண்டாங்க, இருக்கட்டும்."

எங்கள் ஊரில் வேண்டாம் என்பதை இதைவிட அழுத்தி யாரும் சொல்வதில்லை. நாங்கள் அதை வெறும் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் காலையில் படகு வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நங்கூரத்துக்குக் கீழே துருக்கறை, ஓரங்களில் உப்புப் படிவு, நூல் பிடித்தது போல நீலப் பட்டை. முன்னால் இசோபேயின் பெயர் அட்டையை நானே வைத்தேன். வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "புது ஆளா செஞ்சாரு?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் இசோபே தலை குனிந்தார், காது மடல் சிவந்துபோயிருந்தது. கூச்சம் என்று நினைத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

மத்தியானம் மகள் வந்தாள். அட்டையைப் படித்தாள். படகைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"அப்பா, உங்க பேரை மாத்தி வெச்சிட்டாங்க. இது உங்களோடது இல்ல."

இசோபே மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"போட்டோ அனுப்பினீங்களே, நீலப் பட்டை வளைஞ்சு வளைஞ்சு போகுமே. அலையில ஆடுற மாதிரியே இருக்குன்னு வீட்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். அது எங்க?"

நானும் கட்சுமாதாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தோம். இசோபே அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது கட்சுமாதா சான் செஞ்சது," என்றார். "என்னோடதைக் கழுவச் சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா?"

"பார்க்க நல்லா இல்லைன்னு தோணுச்சும்மா."

நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.